வணிகச் சட்ட ஆய்வு மையத்தில் என் டிசர்டேஷன்

சென்னை உயர் நீதிமன்றத்தில் சில வருடம் ஜூனியராக இருந்துவிட்டு, லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் வணிகச் சட்ட ஆய்வு மையத்தில் எல்.எல்.எம். சேர்ந்தேன். 1980-இல் ராய் குட் தொடங்கிய மையம் அது. அங்கே போக நினைப்பவர்கள் என்னிடம் அட்மிஷன், விசா பற்றித்தான் கேட்கிறார்கள். அவை எப்படியும் முடிந்துவிடும். டிசர்டேஷனுக்கு, அதாவது ஆய்வேட்டுக்கு, ஒரு கேள்வியைப் பிடிப்பதுதான் பெரும்பாடு.

'வெளிநாட்டு ஆர்பிட்ரேஷன் அவார்டும் பொதுக் கொள்கையும்' என்று தலைப்பு கொடுத்தேன். அவார்டு என்பது, கோர்ட்டுக்கு வெளியே நடுவர்கள் தரும் தீர்ப்பு. சூப்பர்வைசர் படித்துவிட்டு, "எந்த நீதிமன்றம்? எந்த வருடம்? அப்போது என்ன மாறியது?" என்றார். என் ஆய்வுக்கு வழி திறந்ததே அந்தக் கேள்விகள்தான்.

ஒரு நாட்டின் பொதுக் கொள்கைக்கு, அதாவது அதன் அடிப்படைச் சட்ட நெறிகளுக்கு, முரணான அவார்டை அந்நாட்டு நீதிமன்றம் நிறைவேற்ற மறுக்கலாம் என்கிறது, வெளிநாட்டு அவார்டுகளை ஏற்பது பற்றிய 1958 நியூயார்க் ஒப்பந்தம். வெளிநாட்டு அவார்டுகளில் அதற்குக் குறுகிய பொருள்தான் என்றது நம் உச்ச நீதிமன்றம், 1993 ரேணுசாகர் வழக்கில். 2003-இல் சா பைப்ஸ் வழக்கு வந்தது. உள்நாட்டு அவார்டில் அப்பட்டமான சட்ட மீறல் இருந்தாலே ரத்து செய்யலாம் என்றார்கள். 2011 ஃபுல்சந்த் தீர்ப்பு அதே அளவுகோலை வெளிநாட்டு அவார்டுக்கும் நீட்டியது. 2013-இல் ஸ்ரீ லால் மஹால் அதை மாற்றி, ரேணுசாகருக்கே திரும்பியது. இரண்டே வருடத்தில் ஏன் இந்தத் திருப்பம்? இதையே கேள்வியாக வைத்துக்கொண்டேன்.

ரஸ்ஸல் சதுக்கத்தில் இருக்கும் சட்ட உயர் ஆய்வு நிறுவன நூலகத்தில் நாள் முழுக்க உட்காரலாம். கட்டுரைகளுக்குப் போகுமுன் தீர்ப்புகளை முழுதாகப் படியுங்கள். ஃபுல்சந்த் தீர்ப்பில் எந்த இடத்தில் தர்க்கம் தாவுகிறது என்பது தீர்ப்பின் மேலே அச்சிடும் தலைக்குறிப்புச் சுருக்கத்தில் தெரியாது.

ஊரில் போட்ட இ.பி.க்கள், அதாவது தீர்ப்பை நிறைவேற்றக் கோரும் மனுக்கள், இங்கே எனக்குக் கைகொடுத்தன. அவார்டைக் கையில் வைத்துக்கொண்டு, பணம் வராமல் வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைந்த கட்சிக்காரர்களைப் பார்த்தவள் நான். 'பொதுக் கொள்கை' என்று எதிர்த்தரப்பு ஒரு மனு போட்டால் அவர்களுக்கு என்ன ஆகும் என்பதைத் தனி அத்தியாயமாகவே எழுதினேன். "இதுதான் உன் பங்களிப்பு" என்றார் சூப்பர்வைசர்.

நம் ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 2015 திருத்தம், பொதுக் கொள்கையின் பெயரால் அவார்டின் நியாய அநியாயத்தை மறுபடி விசாரிக்கக் கூடாது என்று 48-ஆம் பிரிவிலேயே ஒரு விளக்கமாக எழுதிவிட்டது. என் கடைசி அத்தியாயம் அந்த விளக்கத்தைப் பற்றியது.