மூணாம் சிலிண்டர் மிஸ்ஸிங்

ஜூன் 9, 2024, ஞாயிறு

காரின் டேஷ்போர்டில் இன்ஜின் எச்சரிக்கை விளக்கு மறுபடி வந்துவிட்டது. போன மாதம் ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டு எரரை அழித்துக் கொடுத்தார்கள். "ஆக்ஸிஜன் சென்சார் போயிடுச்சு, மாத்திடலாம்" என்று எட்டாயிரத்துச் சொச்சத்துக்கு எஸ்டிமேட்டும் போட்டார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

இன்று மேட்டுப்பாளையம் தாண்டி கோத்தகிரி ஏற்றத்தில் வண்டி மிஸ்ஸிங் அடிக்க ஆரம்பித்தது, அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் விட்டு விட்டு ஓடியது. மூன்றாம் கியரில் மிதித்தால் குலுங்குகிறது, பிக்கப் சுத்தமாக இல்லை. விளக்கோ மின்னுகிறது. நிலையாக எரிந்தால் மெதுவாக வீடு வந்து சேரலாம். மின்னினால் அப்படி விடக் கூடாது. சிலிண்டரில் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் எரியும்; அது வெந்துபோனால் வரும் செலவுக்கு முன்னால் சென்சார் விலையெல்லாம் சில்லறை. ஓரங்கட்டி ஆறவிட்டு, மலை ஏறும் ஆசையை விட்டுத் திரும்பிவிட்டோம். இறக்கத்தில் மின்னவில்லை, எரிந்துகொண்டு மட்டும் இருந்தது.

ஜூன் 11, செவ்வாய்

காரின் எரர்களைப் போனில் காட்டும் ப்ளூடூத் ஓபிடி அடாப்டர் வந்துவிட்டது. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் செருகி போனில் பார்த்தேன். இரண்டு எரர்: பி0303, பி0171. முதலாவது, மூன்றாம் சிலிண்டரில் மிஸ்ஸிங். இரண்டாவது, கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம்.

ஒர்க்‌ஷாப்காரர் சென்சாரைக் குற்றம் சொன்னது இந்த இரண்டாவதை வைத்துத்தான் இருக்க வேண்டும். ஆனால் ஒரு சிலிண்டர் ஃபயர் ஆகாவிட்டால் அதில் போன காற்று அப்படியே வெளியே வரும். சென்சார் பெட்ரோலை அளப்பதில்லை, மிச்சமிருக்கும் ஆக்ஸிஜனைத்தான் அளக்கிறது. "காற்று அதிகம்" என்று அது சொல்வதை நம்பி ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) பெட்ரோலைக் கூட்டுகிறது. ஆக, சென்சார் ஒழுங்காக வேலை செய்வதால்தான் அந்த எரரே வந்திருக்கலாம். மைலேஜ் ஏன் இறங்கியது என்பதற்கும் பதில் கிடைத்த மாதிரி இருக்கிறது.

எரர் பதிவான நேரத்து விவரமும் சேமிப்பில் இருந்தது: 2,600 ஆர்பிஎம், லோடு (இன்ஜின் மீதான சுமை) 87 சதவீதம், இன்ஜின் நல்ல சூடு. ஊருக்குள் ஓட்டும்போது ஏன் ஒன்றும் தெரியவில்லை என்பது புரிந்தது. லோடு ஏற ஏற சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும், பிளக்கில் பொறி பாய அதிக வோல்டேஜ் வேண்டும். எங்கே இன்சுலேஷன் பலவீனமோ அங்கே அது கசிந்துவிடும்.

ஜூன் 15, சனி

காலையிலேயே பானட்டைத் திறந்தேன். பிளக்குக்கு அதிக வோல்டேஜ் கொடுக்கும் காயில்களில் மூன்றாம் சிலிண்டருடையதை உருவினால், அடி ரப்பர் முழுக்க ஆயில். டார்ச் அடித்துப் பார்த்தால் பிளக் குழிக்குள் ஆயில் தேங்கிப் பளபளக்கிறது. மற்ற மூன்றும் காய்ந்துதான் இருந்தன.

இந்த இடத்தில் பிளக்கைக் கழற்ற அவசரப்படக் கூடாது. கழற்றினால் தேங்கிய ஆயில் நேரே சிலிண்டருக்குள் இறங்கும். கம்பியில் துணி சுற்றி ஒற்றி எடுத்துவிட்டு, பிறகுதான் பிளக்கைத் தொட்டேன். வெள்ளைப் பீங்கானில் மேலிருந்து கீழாக பென்சில் கோடு போல ஒரு கறுப்புக் கோடு. நகத்தால் சுரண்டினாலும் போகவில்லை. கரண்ட் பிளக் முனைக்குப் போகாமல் வெளிப்பக்கமாகவே இறங்கி ஓடிய தடம் அது. காயில் ரப்பரின் உட்பக்கத்திலும் அதே கோடு, கூடவே மெல்லிய வெடிப்பு.

சந்தேகம் தீர வேண்டும் என்று மூன்றாவதில் புது பிளக் போட்டு, அந்தக் காயிலை முதல் சிலிண்டருக்கும் முதலாவதை மூன்றாவதற்கும் மாற்றினேன். மாங்கரை தாண்டி ஆனைகட்டி ஏற்றத்தில் கொஞ்சம் மிதித்தேன். இப்போது பி0301. காயிலோடு எரரும் இடம் மாறிவிட்டது.

ஜூன் 22, சனி

வடவள்ளிப் பக்கம் தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் விட்டேன். "காயில் மட்டும் மாத்திட்டுப் போனீங்கன்னா ஆறு மாசத்துல திரும்ப வருவீங்க. டேப்பட் கவர் பேக்கிங்தான் போயிருக்குங்க" என்றார். இன்ஜினின் மேல் மூடியான அந்தக் கவரைத் தூக்கியதும், ஆயில் கசியாமல் தடுக்க வேண்டிய பழைய பேக்கிங்கை வளைத்துக் காட்டினார். ரப்பர் என்று சொல்லவே முடியாது, பட்டென்று உடைந்தது. பிளக் குழிகளைச் சுற்றி வரும் சீல்களும் அந்த செட்டிலேயே இருந்தன. அதோடு ஒரு காயில், மிச்சம் மூன்று பிளக்குகள். எல்லாம் சேர்த்தும் அந்த சென்சார் எஸ்டிமேட்டைத் தொடவில்லை.

"எரரை அழிச்சிடலாமாங்க?" என்று கேட்டார். அழித்தார். இந்த முறை அழிக்க ஒரு காரணம் இருந்தது.

ஜூலை 7, ஞாயிறு

கோத்தகிரி போய் வந்தோம். ஃப்யூயல் ட்ரிம், அதாவது ஈசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு, எரர் வந்த அன்றைக்கு கூட்டல் 22 சதவீதத்தில் இருந்தது, இப்போது 3. பெண்டிங் எரர்கூட இல்லை. இதைத் தனியாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் சாதாரண மிஸ்ஸிங் முதல் ஓட்டத்தில் பெண்டிங்கில்தான் உட்காரும். அடுத்த ஓட்டத்திலும் வந்தால்தான் விளக்கே எரியும்.

ஒரே ஒரு பாக்கி. இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வு அடைத்திருந்தால் இன்ஜினுக்குள் காற்றழுத்தம் ஏறி, புது பேக்கிங் வழியாகவும் ஆயிலைத் தள்ளும். கழற்றி ஆட்டினால் கடகடவென்று சத்தம் வர வேண்டும், இதில் வரவில்லை. புது வால்வு சொல்லி வைத்திருக்கிறேன், வியாழக்கிழமை வரும் என்றார் அண்ணன்.