ஸ்டென்ட் வைத்தது சுலபம், ரீஹாப்பில் சேர்ந்ததுதான் பெரும்பாடு

மாரடைப்பு, ஆஞ்சியோ, ஒரு ஸ்டென்ட், டிஸ்சார்ஜ் எல்லாம் மளமளவென்று முடிந்தது. வயிற்றெரிச்சல் அதற்கப்புறம்தான். டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒவ்வொரு மாத்திரைக்கும் வேளை, அளவு எல்லாம் போட்டிருந்தார்கள். உடற்பயிற்சிக்கு மட்டும் ஒரே வரி: 'நடைப்பயிற்சி செய்யவும்'. எவ்வளவு நேரம், என்ன வேகம், மூச்சு வாங்கினால் என்ன செய்வது? கேட்டால், "மெதுவா நடங்க சார், போதும்."

மதுரையில் அங்கே இங்கே விசாரித்து, இதய நோயாளிகளுக்குக் கண்காணிப்போடு பயிற்சி தரும் கார்டியாக் ரீஹாப் நடத்தும் ஓரிடத்தைப் பிடித்தேன். அவர்கள் கேட்டது இதய டாக்டரின் லெட்டர், எக்கோ, புதிதாக ஒரு டி.எம்.டி. (டிரெட்மில்லில் நடக்கவிட்டு இதயத்தைப் பார்க்கும் சோதனை) ரிப்போர்ட். லெட்டருக்காக ஓ.பி.யில் அரைநாள் உட்கார்ந்தேன். டிஸ்சார்ஜ் அன்றைக்கே எழுதி வாங்கிவிடுங்கள். அதற்குப் பிறகு அந்த ஒரு தாளுக்கு டோக்கன் போட வேண்டும்.

டி.எம்.டி. எடுக்கும் சென்டருக்குப் போன் போட்டால், "ரெண்டு நாள் முன்னாடியே மெட்டோப்ரோலாலை நிறுத்திட்டு வாங்க சார், எல்லாருக்கும் அப்படித்தான்" என்றார்கள். எல்லாருக்கும் அப்படி இல்லை. அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கத்தான் நாடித்துடிப்பைத் தணிக்கும் அந்த மாத்திரையைப் பல நேரம் நிறுத்தச் சொல்வார்கள், அதுவும் டாக்டர் சொல்லித்தான். பயிற்சியின் அளவை முடிவு செய்ய எடுக்கும் டி.எம்.டி. என்றால், வழக்கமான மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் ஏற வேண்டும். தினமும் அந்த மாத்திரையோடுதானே நடக்கப் போகிறோம்! மாரடைப்பு வந்தவர் அந்த மாத்திரையைத் திடுதிப்பென்று நிறுத்துவதே ஆபத்து என்பதைக் கவுன்ட்டரில் யாருக்கும் சொல்லித் தரவில்லை போல. ரிப்போர்ட்டைப் பார்த்த பிசியோதெரபிஸ்ட் பெண் முதலில் கேட்டது, "இப்ப மாத்திரை போடுறீங்கள்ல அப்பா?" சென்டரில் சொன்னபடி நிறுத்திவிட்டுத்தான் எடுத்திருந்தேன், அதனால் ரிப்போர்ட் செல்லாது. மறுபடி எடுக்க மறுபடி பணம். சென்டரில் சண்டை போட்டும் பைசா திரும்பவில்லை.

பயிற்சி ஆரம்பித்ததும் கைக்கடிகாரத் தொல்லை. மகன் வாங்கித் தந்த ஸ்மார்ட்வாட்ச், 220-இல் வயதைக் கழிக்கும் கணக்குப்படி என் 58 வயதுக்கு உச்சத் துடிப்பு 162 என்று வைத்துக்கொண்டு, 'இன்னும் வேகம்' என்று நச்சரித்தது. மெட்டோப்ரோலால் நாடித்துடிப்பைத் தணித்து வைக்கும். அந்தக் கணக்கு நமக்கு ஒத்துவராது. அந்தப் பெண் கடிகாரத்தைக் கழற்றச் சொல்லிவிட்டு, எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்று நாமே எண்ணில் சொல்ல உதவும் போர்க் அட்டவணையைச் சுவரில் காட்டினார். 6 முதல் 20 வரை எண்கள்; 6 என்றால் சும்மா இருப்பது, 20 என்றால் இதற்கு மேல் முடியாது. லேமினேஷன் பிரிந்து, 13-க்கு அடியில் யாரோ பால்பாயிண்ட்டில் கோடு போட்டிருந்தார்கள். எனக்கு 11-க்கும் 13-க்கும் நடுவில். பேச முடிய வேண்டும், பாட வரக்கூடாது. நான் எப்போதும் பாடியதில்லை என்றேன், அவர் சிரிக்கவில்லை.

டிரெட்மில்லைப் பட்டென்று நிறுத்தி இறங்காதீர்கள். காலில் ரத்தம் தேங்கி, பிரஷர் இறங்கி, தலை சுற்றும். பக்கத்து மெஷினில் ஒருவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளிறி நின்றதைப் பார்த்த பிறகு, வேகத்தைக் குறைத்துக் கடைசி நிமிடங்களை நடந்தே முடிக்கிறேன். நெஞ்சில் இறுக்கம் வந்தால் வீரம் காட்டாமல் உடனே நிறுத்திச் சொல்லிவிடுங்கள்.

இப்போது மாடிப்படி ஏறி மூச்சு வாங்காமல் போன் பேசுகிறேன். இன்சூரன்ஸ்தான் பாக்கி. டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவுக்கு என் பாலிசியில் 60 நாள் கெடு. சிலருக்கு 90 இருக்கும். டாக்டர் லெட்டர் இணைக்கவில்லை என்று திருப்பினார்கள், இணைத்தேன். இப்போது பில்லில் சீல் தெளிவாக இல்லையாம்.