பேர் வெச்சவன் வீடு

நேற்று சாயங்காலம் எங்கள் ஷட்டில்காக் எதிர் வீட்டு மாமியின் சன்ஷேடில் போய் உட்கார்ந்தது. இந்த மாதத்தில் மூன்றாவது. மாமி எழுந்து வந்து கதவு திறக்க அரை மணி, ஒட்டடைக் கொம்பு தேட இன்னொரு அரை மணி. அந்த இடைவெளியில் சின்னவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"தாத்தா, இதுக்கு ஏன் பேட்மிண்டன்னு பேரு?"

மாமா சாய்வு நாற்காலியில் நிமிர்ந்தார். போச்சு, இன்றைக்கு டிபன் எட்டரைக்குத்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. முந்திக்கொண்டு நானே சொன்னேன். இங்கிலாந்தில் குளோஸ்டர்ஷயரில் போஃபோர்ட் பிரபுவின் அரண்மனைக்குப் பேர் பேட்மிண்டன் ஹவுஸ். அங்கே விருந்துக்கு வந்தவர்கள் ஆடி ஆடி வீட்டுப் பேரே ஆட்டத்துக்கு ஒட்டிக்கொண்டது.

"அதுக்கு முன்னாடி பூனாவுல பட்டாளத்து வெள்ளைக்காரங்க ஆடினப்போ 'பூனா'ன்னுதான் பேரு" என்றார் இவர், உள்ளேயிருந்து. கேஸ் சிலிண்டர் மாற்றக் கூப்பிட்டால் காது கேட்காது.

"அப்போ விருந்து வெச்சவன் வீட்டுப் பேரா?" மாமாவுக்கு மூக்கு சிவந்துவிட்டது. "நாப்பது வருஷமா ஊருக்கே சோறு போட்டிருக்கேன். ஒரு ஊறுகாய்க்காவது என் பேரை வெச்சானுங்களா?"

சோறு போட்டது அத்தை. அதை யார் சொல்வது?

அப்புறம் தஞ்சாவூர் வந்தது. வராமல் போகுமா? 1856லேயே அரண்மனையில் கம்பளிப் பந்தில் ஆடியாகிவிட்டதாம். மஞ்சள் பந்து, பக்கத்துக்கு ஐந்து பேர், காலேஜ் டீமில் மாமா முன்வரிசை. "16 இறகைச் சொருகி, காத்தடிச்சா மாமி வீட்டுக்குப் போறதெல்லாம் ஒரு ஆட்டமா? பால் பேட்மிண்டன்டா! அதுதான் ஆட்டம்!"

"அதுலயும் அந்தப் பிரபு வீட்டுப் பேர்தானே இருக்கு தாத்தா?"

தெருவே அமைதியானது. பால்காரர் வண்டியை நிறுத்திப் பார்த்தார்.

மாமா செருமினார். "தமிழ்ல பூப்பந்து."

"பூ எங்க தாத்தா?"

பதில் வருவதற்குள் மாமி கொம்போடு வாசலுக்கு வந்துவிட்டார். தண்ணீர் லாரி தகராறுக்குப் பிறகு இரண்டு வருஷமாக மாமாவோடு பேச்சு கிடையாது. கொம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, யாரையும் பார்க்காமல், "பூப்பந்தா? நான் காலேஜ்ல சென்டர் ஆடினவ" என்றார்.

மாமா எழுந்து நின்றார். நாற்காலியைப் பிடிக்காமல். நான் பார்த்து அவர் அப்படி எழுந்து ஆறு மாசம் இருக்கும்.

"சென்டரா? சர்வீஸ் எந்தக் கை?"

"இடது."

"அட!"

எட்டரைக்கு டிபன் என்று நினைத்தேன். ஒன்பதே காலாகியும் இரண்டு பேரும் கேட்டருகேதான். கொம்பு சுவரில் சாய்ந்தபடியே, ஷட்டில்காக் சன்ஷேடில். இட்லி ஆறி அவலாகிவிட்டது. சின்னவனை இரண்டு முறை அனுப்பினேன், அவனும் திரும்பி வரவில்லை.