முளைப்பாரியாகிப் போன எச்செவேரியா

ஜூலையில் எச்செவேரியா என்ற சதைப்பற்றுச் செடியைச் சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் உள்ள என் வீட்டுக்கு வாங்கி வந்தபோது, அது கல்லில் செதுக்கிய தாமரை போல இருந்தது. இலையோடு இலை நெருங்கி, உள்ளங்கைக்குள் அடங்கியது. நவம்பரில் அதே செடி ஒரு சாண் உயரம். தண்டு வெளியே தெரிந்தது. இலைகளுக்கு நடுவே விரல் நுழையும். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா பார்த்துவிட்டு, "என்னம்மா, முளைப்பாரி போட்டிருக்கிறாயா?" என்று கேட்டார்.

கேலி என்று நினைத்தேன். ஆனால் நோயின் பெயரையே அவர் சொல்லிவிட்டார். முளைப்பாரியை இருட்டறையில் வைப்பது அது வெளுத்து நெடுநெடுவென்று வளரத்தானே? என் செடிக்கும் வெளிச்சம்தான் போதவில்லை.

நானோ செடி பசியில் வாடுகிறது என்று எண்ணி உரம் போட்டேன், தண்ணீரையும் கூட்டினேன். இரண்டும் தண்டை இன்னும் வேகமாக நீட்டின. சன்னல் பக்கம் சாய்கிறதே என்று வாரம் ஒருமுறை தொட்டியைத் திருப்பினேன். நிழல் விழும் பக்கத்தில் ஆக்சின் என்னும் ஹார்மோன் சேர, அந்தப் பக்கத்துச் செல்கள் நீள்கின்றன. அதனால்தான் தண்டு ஒளியை நோக்கி வளைகிறது. நான் திருப்பத் திருப்ப, அது பாம்பாக நெளிந்ததுதான் மிச்சம்.

அதே சன்னலில் ஜூலையில் மட்டும் எப்படி நன்றாக இருந்தது? இதற்கு விடை கிடைக்க எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம்தான். எனவே வெயிலும் மாறாது என்று நம்பியிருந்தேன். என் சன்னல் வடக்குப் பார்த்தது. மார்ச் பிற்பகுதியிலிருந்து செப்டம்பர் பிற்பகுதிவரை சூரியன் வடக்கே சாய்ந்து செல்வதால் காலையும் மாலையும் சாய்வெயில் விழும். அதன் பிறகு சூரியன் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் மறுபக்கம் போய்விடுகிறது. போதாக்குறைக்கு வடகிழக்குப் பருவமழை மேகம் வேறு.

நீண்ட தண்டு இனிச் சுருங்காது. வெட்டத்தான் வேண்டும். கத்தரிக்கோலை ஸ்பிரிட்டில் துடைத்து, தலைப்பகுதியை இரண்டு விரல் தண்டோடு நறுக்கினேன். மூன்றாம் நாளே நட்டது அவசரம்: அடி கறுத்து வழவழத்துவிட்டது. கறுப்பு முழுவதும் போகும்வரை மேலே மேலே வெட்டி, இம்முறை மின்விசிறிக்குக் கீழே ஒரு வாரம் காயவிட்டேன். நம் ஈரக்காற்றுக்கு மூன்று நாள் போதவே போதாது. பிறகு பாதி பெர்லைட் (தண்ணீர் தேங்காமல் வடியவிடும் வெள்ளைத் துகள்), பாதி மண் கலந்து நட்டேன். தண்ணீர் ஊற்றவில்லை. மூன்றாம் வாரம் தூக்கிப் பார்த்தபோது இளஞ்சிவப்பு நூல்போல வேர்கள்.

அடிக்கட்டையை எறியாதீர்கள். என்னுடையதில் நான்கு குருத்துகள் வெடித்தன. தண்டிலிருந்து பக்கவாட்டில் அசைத்து முழுசாக எடுத்த ஏழு இலைகளில் மூன்று பிழைத்தன.

தலையை இப்போது தெற்குப் பார்த்த பொது நடைபாதையில், கதவோரமாக, ஆள் நடக்கும் வழி மறிக்காமல் வைத்திருக்கிறேன். கொசுவுக்குப் பயந்து அடித்தட்டு வைக்கவில்லை. முதல் நாளே உச்சிவெயிலில் வைத்ததில் இரண்டு இலைகள் வெந்து பழுப்புத் தழும்பாகிவிட்டன. அந்தத் தழும்பு ஆறாது. காலை வெயிலில் தொடங்கி இரண்டு வாரம் பழக்கியிருக்க வேண்டும். அடிக்கட்டை உள்ளேயே, எல்இடி விளக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி, நாளுக்கு 12 மணி நேரம் இருக்கிறது.

மெக்சிகோ மலைநாட்டில் குளிர்ந்த இரவுகளுக்குப் பழகிய செடி இது. நம் புழுக்கத்தில் கடைப் படத்து நிறத்தை எதிர்பார்ப்பது பேராசை. சன்னலோர இடம் மட்டுமே உள்ளவர்கள், குறைந்த வெளிச்சத்தையும் தாங்கும் ஹவோர்தியா என்ற சதைப்பற்றுச் செடியை வாங்குவது மேல்.

நேற்று ஒரு குருத்தின் அடியிலை குடைபோலக் கீழே மடங்கியிருந்தது. நீளப் போவதற்கு முதல் அறிகுறி அதுதான். விளக்கை நான்கு விரல் கீழே இறக்கியிருக்கிறேன்.