எட்டு மைல் ரோட்டுக்குத் தெற்கே

ஊரில் கேட்டால் "டெட்ராய்ட்ல இருக்கோம்" என்போம். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்துப் பெரிய நகரம் அது. ஆனால் குடியிருப்பது நோவை, ட்ராய், கேன்டன் என்று ஏதாவது ஒரு புறநகரில். நாங்களும் அப்படித்தான். கார் கம்பெனி வேலை, நல்ல பள்ளிக்கூடம், பக்கத்திலேயே முருங்கைக்காயும் இட்லி மாவும் விற்கும் இந்தியக் கடை. நகரத்துக்குள் போகாமலே வருடக்கணக்கில் இருந்துவிடலாம். வந்த புதிதில் உடன் வேலை பார்த்த ஓர் அண்ணன், "எட்டு மைல் ரோட்டுக்கு அந்தப் பக்கம் உங்களுக்கு என்னங்க வேலை?" என்றே கேட்டார். அந்த ரோடுதான் டெட்ராய்ட்டின் வடக்கு எல்லை.

1950-ல் அந்தப் பக்கம் 18 லட்சத்துக்கும் மேல் மக்கள் இருந்தார்கள். 2020 கணக்கெடுப்பில் 6,39,111 பேர். வெளியேறியவர்களில் பலர் குடியேறியது நாங்கள் இருக்கிற இதே புறநகர்களில்தான். ஆட்களோடு வரிப்பணமும் வியாபாரமும் போய், 2013-ல் நகராட்சியே திவால் மனு கொடுத்தது. அந்தக் காலத்திலும் கதவைச் சாத்தாமல் இருந்த சின்னக் கடைகள் உண்டு. என் காசு அங்கே போகட்டும் என்று நினைப்பது தானதர்மம் ஒன்றும் இல்லை. சாப்பாடும் நன்றாக இருக்கிறது.

முதலில் பழகியது ஈஸ்டர்ன் மார்க்கெட். 1891 முதல் அதே இடத்தில் நடக்கிறது, சனிக்கிழமைதான் பெரிய சந்தை. அம்மா மதுரையிலிருந்து வந்திருந்தபோது கூட்டிப்போனேன். கொலார்ட் என்று ஒரு கீரை, கட்டுக் கட்டாகக் குவித்து வைத்திருந்தார்கள். இங்குள்ள கருப்பின மக்கள் வீட்டுச் சமையலில் அதற்குத் தனி இடம். "மூணு கட்டு எடுத்துக்கிறேன், பார்த்துப் போட்டுக் குடுப்பா" என்று அம்மா சுத்தத் தமிழில் பேரம் பேச, விற்ற பெரியவர் சிரித்துக்கொண்டே நாலாவது கட்டையும் பையில் போட்டார். புகையூட்டிய வான்கோழியோடு மெதுவாக வேகவைக்கச் சொன்னார். அம்மா தேங்காய்த் துருவல் போட்டுப் பொரியலாக்கினாள். தடிமனான இலை, முருங்கைக்கீரையைவிட நேரம் பிடிக்கும், ஆனால் அருமை.

ஒன்று கவனிக்க வேண்டும். அங்கே விற்பவர்கள் எல்லாரும் விவசாயிகள் இல்லை. மொத்தக் கடையில் வாங்கி வந்து விற்பவர்களும் உண்டு. மிச்சிகனில் மாம்பழம் எங்கே காய்க்கிறது? ஆப்பிள், செர்ரி, புளூபெர்ரி மாதிரி இந்த மண்ணில் விளைவதை, "உங்க தோட்டத்துதா?" என்று கேட்டு வாங்குவது நல்லது. யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

மீனுக்கு ஹாம்ட்ராமிக். டெட்ராய்ட்டுக்கு நடுவில் தனி நகராட்சியாக இருக்கும் சின்ன ஊர். ஒரு காலத்தில் போலந்துக்காரர்கள் கார் தொழிற்சாலை வேலைக்கு வந்து நிறைந்த இடம். இப்போது வங்கதேசத்தவரும் ஏமன்காரர்களும் அதிகம். கோனன்ட் தெருவில் ரோகு, இலிசு எல்லாம் உறைய வைத்தது கிடைக்கும். கோடையில் அந்தப் பக்கத்து வீடுகளின் கொல்லைப் பந்தல்களில் சுரைக்காய் தொங்குவதைப் பார்த்தால், தமிழர்கள் இருக்கிறார்களோ என்று தோன்றும். தவக்காலத்துக்கு முன் போலந்து பேக்கரிகளில் பூன்ச்கி என்ற இனிப்பு வாங்க விடிவதற்கு முன்பே வரிசை நிற்கும்.

இப்போது நகரத்தில் நிறைய மாற்றம். 1988-ல் மூடிய மிச்சிகன் சென்ட்ரல் ரயில் நிலையத்தை 2018-ல் ஃபோர்டு வாங்கி, புதுப்பித்து, 2024 ஜூனில் திறந்தது. அதைச் சுற்றியுள்ள கார்க்டவுனில் புதுப்புது காபிக்கடைகள். நானும் குடிக்கிறேன், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பேட்டை மெருகேறினால் வாடகையும் ஏறும். நகரின் இன்னொரு கடைத்தெருவான லிவர்னாய்ஸ் அவென்யூவில் 2019-ல் நடைபாதையை அகலப்படுத்த ரோட்டைத் தோண்டியபோது, கடைக்கு ஆள் வரவில்லை என்று வியாபாரிகள் புலம்பினார்கள். சரி செய்வதற்காகத்தான் தோண்டினார்கள், ஆனால் அதுவரை கல்லா நிரம்ப வேண்டுமே. அம்மா எந்தக் கடைக்குள் போனாலும் என்னிடம் முதலில் கேட்டது, "இவங்களுக்கு இடம் சொந்தமா, வாடகையா?" பேட்டை உயர்ந்தபின் யார் நிலைப்பார்கள் என்பது பெரும்பாலும் அந்தப் பதிலில்தான் இருக்கிறது. வாடகைக் கடைகளுக்கு நான் கொஞ்சம் அடிக்கடி போகிறேன்.

புதிதாக வருபவர்களுக்கு இரண்டு விஷயம். டெலிவரி ஆப்பில் வாங்கினால் கமிஷன் 15 முதல் 30 சதவீதம் வரை உணவகத்திடமிருந்து போய்விடும். போன் செய்துவிட்டு நேரில் எடுத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை பல கடைகளுக்கு விடுமுறை, பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அப்புறம், மே மாதம் அன்னையர் தினத்துக்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர்ன் மார்க்கெட்டில் மலர் நாள். அழகுதான், ஆனால் கார் நிறுத்த இடம் கிடைக்காது. முதல் தடவை போவதென்றால் பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை போங்கள். கூட்டம் குறைவு, வியாபாரிகளுக்கும் நின்று பேச நேரம் இருக்கும்.