கவுன்சலிங் படிக்கக் கல்லூரி தேடுகிறேன்

மே 4
வேலையை விடாமல் அஞ்சல் வழியில் எம்.எஸ்சி. முடித்துவிடலாம் என்ற கணக்கு இனி எடுபடாது. 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்தே உளவியலைத் தொலைதூரக் கல்வியிலோ ஆன்லைனிலோ நடத்தக்கூடாது என்று யுஜிசி சொல்லிவிட்டது. சுகாதாரத் துறைப் பணிகளுக்காக 2021இல் வந்த சட்டத்துக்குள் உளவியலும் வருகிறதாம். ஈஎம்ஐ கட்டுகிறவளுக்கு இது இடிதான். ஆனாலும் அழுகிற ஆளை எதிரில் உட்காரவைக்காமல் இந்தத் தொழிலை யாருக்குக் கற்றுக்கொடுக்க முடியும்?

மே 7
எழும்பூர் காசா மேஜர் ரோடு. மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க்கில் கவுன்சலிங் சைக்காலஜி எம்.எஸ்சி. இருக்கிறது. வெளியிலிருந்து ஒருமுறை பார்த்துவிட்டு வந்தேன்.

சாயங்காலம், வேறொரு கல்லூரியில் படித்த சீனியர் தன் ரெக்கார்டு நோட்டைக் காட்டினாள். வகுப்புத் தோழி ஆலோசனைக்கு வந்தவளாக நடிக்க, இவள் கவுன்சலராக இருந்து செய்த ரோல்-ப்ளே. பக்கத்துக்கு மூன்று கட்டம்: 'அவள் சொன்னது', 'நான் சொன்னது', 'அப்போது எனக்குள் ஓடியது'. "வீட்ல சொல்லிட்டீங்களா?" என்ற கேள்வியைச் சுற்றி மேடம் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார். ஓரத்தில்: 'இது யாருடைய பதற்றம்?' அந்த ஒரு பக்கத்துக்காகவே ஃபீஸ் கட்டலாம்.

மே 10
அத்தை: "படிச்சு முடிச்சா மாத்திரை எழுதித் தருவியாடி?"
மாட்டேன் அத்தை, அது சைக்கியாட்ரிஸ்ட் வேலை. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு மாட்டவும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு வேண்டும். அதற்குப் படிப்பே தனி.
"அப்புறம் எதுக்குடி ரெண்டு வருஷம்?"

மே 14
நியூஜெர்சி அக்காவிடம் பேசினேன். அங்கே காக்ரெப் (கவுன்சலிங் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு) அங்கீகாரம் பெற்ற முதுகலைப் படிப்பென்றால் பிராக்டிகம் என்கிற முதல்கட்ட நேரடிப் பயிற்சி 100 மணி நேரம், அதற்குமேல் இன்டர்ன்ஷிப் 600 மணி நேரம். அதில் 240 மணி நேரம் ஆட்களோடு நேரடியாக. பிறகு அந்தந்த மாநிலத்தில் லைசென்ஸ்.

பயிற்சி எத்தனை மணி நேரம் என்று இங்கே ஒரு கல்லூரிக்கு போன் போட்டுக் கேட்டேன். "அதெல்லாம் செகண்ட் இயர்ல பாத்துக்கலாம்மா, சீட் ஃபுல் ஆயிடும்." அந்தப் பெயரை அடித்துவிட்டேன்.

மே 17
நாளை சேப்பாக்கம், மெட்ராஸ் யூனிவர்சிட்டி. கேட்க வேண்டியவை: பயிற்சியைக் கவனிக்கும் ஒரு சூப்பர்வைசருக்கு எத்தனை மாணவர்கள்? வாரம் எத்தனை மணி நேரம் உட்கார்ந்து கேஸ் பேசுவார்? இங்கிலீஷில் படித்துவிட்டு வியாசர்பாடி அம்மாவிடம் பேச எங்கே பழக்குகிறார்கள்? சிலபஸ் பிடிஎஃப் வேண்டாம். ஒரு ரெக்கார்டு நோட்டைக் காட்டச் சொல்லப் போகிறேன்.