கியர் குமிழ்: படாக் கட்டை, பித்தளைக் குழல்

நவம்பர் 16, ரங்கூன்

கியர் தண்டின் நுனியில் கை பிடிக்கும் குமிழை மரத்தில் புதிதாகக் கடையும் வேலை இது. வண்டி டொயோட்டா ப்ரோபாக்ஸ், ஐந்து கியர், மேனுவல். பழைய குமிழை இடப்பக்கம் சுற்றினால் கழன்றுவிடும். கழற்றியதும் முதலில் பார்க்க வேண்டியது மரை, அதாவது தண்டின் திருகுப் புரி. டொயோட்டாத் தண்டுக்கு 12 மி.மீ. விட்டம், புரிக்குப் புரி 1.25 மி.மீ. இடைவெளி. ஹார்ட்வேர் கடையில் '12 நட்' என்று கேட்டால் 1.75 இடைவெளி உள்ளதைத்தான் எடுத்துத் தருவார்கள். அது ஏறாது. டொயோட்டா வீல் நட்டும் ஆகாது. அதன் இடைவெளி 1.5; இரண்டு சுற்று ஏறிச் சிக்கிக்கொள்ளும், முறுக்கினால் தண்டின் மரை போய்விடும். சுசுகி, நிசான் வீல் நட்கள் 12க்கு 1.25. வேடிக்கைதான், டொயோட்டாத் தண்டைச் சோதிக்கச் சுசுகி நட் வேண்டியிருக்கிறது. வீல் நட்டையே கட்டைக்குள் புதைப்பவர்களும் உண்டு. ஆறு மூலைகளும் கட்டையைப் பிளக்கப் பார்க்கும், அதனால் உள்ளே மரை போட்ட உருண்டைப் பித்தளைக் குழலே நல்லது.

ஆட்டோ கியரில் பட்டன் வைத்த பிடிக்கு இந்த முறை பொருந்தாது.

நவம்பர் 17

மரம். தேக்கு இங்கே எளிதாகக் கிடைத்தாலும் இந்த வேலைக்கு இரண்டாம் இடம்தான். எடை குறைவு. அதில் இருக்கும் சிலிக்கா உளியின் கூரை மழுக்கும், எண்ணெய் பசையைப் பிடிக்க விடாது. படாக் என்ற சிவப்பு மரம் கனமானது, வைரம் பாய்ந்த பகுதி கெட்டி. எடுத்த துண்டு 60 x 60 x 90 மி.மீ., இழை நீளவாக்கில். மரத்தின் நடுப்புள்ளி உள்ள துண்டை மட்டும் தொடக்கூடாது. எப்படிக் காய வைத்தாலும் அந்தப் புள்ளியிலிருந்தே வெடிப்பு கிளம்பும்.

மழைக்காலம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, கட்டையில் எவ்வளவு ஈரம் என்று பார்த்தாக வேண்டும். அதே பலகையின் வெட்டுத் துண்டு 41.6 கிராம். ஓவனில் 103 டிகிரியில் எடை அசையாமல் நிற்கும்வரை வைத்தபின் 36.5. குறைந்த 5.1ஐ 36.5ஆல் வகுத்தால் 14 சதவீதம். வெயிலில் பூட்டி நிற்கும் வண்டிக்குள் இந்த மரம் இன்னும் சுருங்கும். 10க்கு அருகில் இறங்கட்டும்.

டிசம்பர் 8

மூன்று வாரம் வீட்டுக்குள் மின்விசிறிக் காற்றில் கிடந்தது. எடை நான்கு நாளாக அசையவில்லை. போதும்.

லேத் பட்டறையிலிருந்து பித்தளைக் குழல் வந்தது. 25 மி.மீ. நீளம், வெளிவிட்டம் 19.7, உள்ளே 10.8 துளை போட்டு மரை வெட்டும் 12க்கு 1.25 டேப் ஓட்டியது. வெளிப்பக்கம் ஹாக்சா பிளேடால் குறுக்கே மூன்று பள்ளம், நெடுக்கே இரண்டு, எல்லாம் ஒரு மி.மீ. ஆழம். குறுக்குப் பள்ளம் குழலை வெளியே வரவிடாது. நெடுக்குப் பள்ளம் சுழல விடாது, பசை இறங்கும்போது காற்றுக்கும் வழி விடும். அந்த வழி இல்லாவிட்டால் அடியில் அடைபட்ட காற்று குழலை மெல்ல மேலே தள்ளிவிடும். காலையில் பார்த்தால் 3 மி.மீ. துருத்திக்கொண்டு நிற்கும், அப்போது ஒன்றும் செய்ய முடியாது.

டிசம்பர் 9

துளை. குமிழ் செய்வதில் உண்மையான வேலை இதுதான், வெளி வடிவம் அப்புறம். தட்டை அடியோடு துளைக்கும் 20 மி.மீ. ஃபோர்ஸ்ட்னர் பிட், 32 மி.மீ. ஆழம், டிரில் பிரஸ்ஸில். கை டிரில் வேண்டாம். கட்டை சதுரமாக இருக்கும்போதே துளைக்க வேண்டும். கடைந்த பிறகு அதை நேராகப் பிடித்து நிறுத்த இடமே இருக்காது. குழல் 25, துளை 32. மிச்சமுள்ள 7 மி.மீ. தண்டின் நுனிக்கு. அந்த இடம் இல்லாமல் தண்டு மரத்தில் முட்டினால், முறுக்க முறுக்கக் குமிழின் தலை பிளக்கும்.

ஐந்து நிமிட எபாக்ஸிப் பசை கூடாது, வண்டிச் சூட்டில் இளகிவிடும். 24 மணி நேர வகைதான். பித்தளையை 80 நம்பர் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி அசிட்டோனால் துடைத்தாயிற்று. குழலின் மரைக்குள் மெழுகு தடவிய போல்ட்டைத் திருகி வைத்தால் பசை உள்ளே ஏறாது.

டிசம்பர் 11

கடைசல். மின்சாரம் வந்த நேரத்தில்தான். லேத்தின் பிடிப்பானான சக்கில் 12க்கு 1.25 போல்ட்டைப் பிடித்து, கட்டையை அதன் மேலேயே திருகிக் கடைய வேண்டும். துளை நூலளவு சாய்ந்திருந்தாலும் வெளிவடிவம் மரையின் மையத்தோடு ஒத்துப்போகும். உளி பட பட, கட்டை இறுகும். அதனால் இடையில் ஒரு தோல் வாஷர், இல்லையென்றால் கழற்றவே முடியாது. கடைசிவரை எதிர்முனையில் டெயில்ஸ்டாக் தாங்கல்.

சதுரம் போகும்வரை நிமிடத்துக்கு 1000 சுற்று, பிறகு 1800. அகன்ற இடம் 50 மி.மீ., கழுத்து 30. கழுத்து 28க்குக் கீழே போனால் குழலைச் சுற்றி 4 மி.மீ. மரம்கூட மிஞ்சாது, விரிசல் நிச்சயம். படாக் தூள் மூக்கையும் தோலையும் எரிக்கும். முகமூடி இல்லாமல் உப்புத்தாள் போடக்கூடாது. 120, 180, 240 முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்தால் இழை எழும். காய்ந்தபின் 320, 400.

இங்கே 1970இல் சாலைப் போக்குவரத்து வலப்பக்கத்துக்கு மாறிய பிறகும் பழைய ஜப்பான் வண்டிகளில் ஸ்டீயரிங் வலதில்தான். கியர் இடது கைக்கு. கட்டைவிரல் படும் வலப்பக்கத்தில் அரத்தால் 2 மி.மீ. சமமாக்கினால் கை தானாக இடத்தில் உட்காரும்.

டிசம்பர் 13

மேல்பூச்சு. வெட்டுத் துண்டுகளில் மூன்றும் பார்த்தாயிற்று. ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு: படாக்கின் சிவப்பையே கரைத்து இழுக்கிறது, சானிட்டைசர் கை பட்டால் வெண்படலம். பகான் ஊர்ப் பாத்திரங்களுக்குப் பூசும் மரப்பால் அரக்கான திட்சி: ஈரக்காற்றில்தான் காயும், ஒவ்வொரு பூச்சுக்கும் பல நாள், காயாத திட்சி தோலில் பட்டால் கொப்பளம். அதன் கருமை படாக்கை மூடிவிடும், தேக்குக் குமிழாக இருந்தால் யோசிக்கலாம். கடைசியில் இரண்டு திரவங்களைக் கலந்து பூசும் பாலியூரித்தேன் வார்னிஷ், மெல்லிசாக மூன்று பூச்சு. சிவப்பு எப்படியும் வெயிலில் பழுப்பாகும். அது மரத்தின் குணம், பூச்சைக் குறை சொல்லிப் பயனில்லை.

டிசம்பர் 20

பூச்சு ஒரு வாரம் இறுகியது. எடை 96 கிராம், அதில் பித்தளை 45. தண்டில் முதலில் 7 மி.மீ. உயரமுள்ள லாக் நட், அதன் மேல் குமிழ். கட்டைவிரல் சமப்பக்கம் ஓட்டுநரைப் பார்க்கும் இடத்தில் குமிழை நிறுத்தி, நட்டைக் கீழிருந்து ஸ்பேனரால் மேல்நோக்கி இறுக்க வேண்டும். மரைப் பசை வேண்டாம், கழற்றும் நாளில் குழலோடு பிடுங்கிக்கொண்டு வரும். ஐந்து கியரும் ரிவர்ஸும் போட்டுப் பார்த்ததில் குமிழ் எங்கும் தட்டவில்லை. மூன்றிலிருந்து நான்குக்கு இழுக்கும்போது எடையின் வித்தியாசம் கையில் தெரிகிறது.